ஆகஸ்ட் 10 கறுப்பு தினம்: அன்பியங்கள் (பங்கோட தெருவாரி ஜெபக் குழுக்கள்) கவனத்துக்கு

இயேசுவுக்கே புகழ்! ஆகஸ்ட் 10 சாயங்காலம் பூசை முடிஞ்சதும் கெபி (சிலை வச்ச குகை) முன்னாடி கறுப்பு பேட்ஜ் குத்திட்டு நிக்கிறோம், இளைஞர்கள் கண்டிப்பா வாங்க. போன தடவை பாதிப் பேர் எதுக்குன்னே தெரியாம நின்னாங்க, அதனால சொல்லிடுறேன். 1950ல அதே தேதியில வந்த ஜனாதிபதி ஆணைல இந்து தலித்துகள் மட்டும்தான் எஸ்சின்னு போட்டுட்டாங்க, அப்புறம் 1956ல சீக்கியர்கள், 1990ல பௌத்தர்கள்னு சேர்த்தாங்க, கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள மட்டும் இன்னும் சேக்கல. எஸ்சி இடஒதுக்கீடும் இல்ல, எஸ்சி/எஸ்டி வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் போடவும் முடியல.

ஆனா ஒண்ணு, கவர்மெண்ட்ட கேக்குறது ஈஸி, நம்ம கல்லறைல சாதி பிரிக்கிற சுவர் இருந்தா அதை யார்கிட்ட போய் கேக்குறது? 2022ல புனிதரான நம்ம தேவசகாயம் சாதி பாக்காம எல்லார்கூடயும் பழகினவரு, அவர் படத்துக்கு மாலை போட்டுட்டு தேர் மட்டும் தலித் தெருவுக்குப் போகாதுன்னா நற்செய்தி அறிவிப்புன்னு நாம நோட்டீஸ் அடிக்கிறதுல என்ன இருக்கு (கோபப்படாதீங்க, மனசுல பட்டத சொல்றேன்).

அதனால இந்த மாசம் மேலத்தெரு அன்பியக் கூட்டம் கீழத்தெரு வீட்டுல நடக்கும், ஃபாதர் ஓகே சொல்லிட்டாரு. ஜெபம் முடிஞ்சதும் உடனே கிளம்பாம அங்கயே டீ குடிச்சிட்டு, யாருக்கு முதியோர் பென்ஷன் வரல, எந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போகலன்னு விசாரிச்சு, ஏழைகளுக்கு உதவுற வின்சென்ட் தே பால் சபைகிட்ட சொல்லுங்க. பேட்ஜ் சிஸ்டர்கிட்ட இருக்கு. குட்மார்னிங் படம் ரெண்டு நாளைக்கு வேணாமே ப்ளீஸ், இந்த மெசேஜ் மேல போயிடும்.