பர்மிங்ஹாமில் கிட்டார் வாசிக்கும் மகளுக்கு

வளசரவாக்கம், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் மூட்டுவலி பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ கேட்டிருப்பது நான் வயிற்றுப்பிழைப்புக்குச் செய்த ஒலிப்பதிவுத் தொழிலைப் பற்றி. அதை இரண்டு வரியில் முடிக்க மனம் வரவில்லை.

நீ அனுப்பிய மூன்று பாட்டுகளையும் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். ஒத்திகை அறையில் கைபேசியில் பிடித்தது என்றாலும் விஷயம் புரிகிறது. இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் நின்றுபோய் கிட்டார் மட்டும் அந்தரத்தில் தொங்குகிற இடம் அருமை. அந்த நேரம் பார்த்து அம்மா அடுக்களையிலிருந்து வந்து, "மிக்ஸி ஓடுகிறதா?" என்று கேட்டாள். பாராட்டாகவே எடுத்துக்கொள்.

மேடையில் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கிற இசை, பதிவில் கேட்டால் சுருங்கிப்போகிறது என்கிறாய். அடுத்த மாதம் நான்கு நாள் ஸ்டூடியோ எடுத்திருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு 100 வாட் ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாங்கிச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறாய். வாங்காதே. ஒரு 100 வாட் ஆம்புக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் கூடுவது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. அத்தனையையும் தூக்கிக்கொண்டு அந்த ஊர்ப் படிகளில் ஏறி இறங்க உன் முதுகு ஒத்துழைக்காது.

மேடையில் கனம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் மனிதக் காதை அளந்து ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். மெல்லிய ஒலியில் நம் காது கீழ் சுரங்களைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஒலி ஏற ஏறக் கீழ் சுரங்கள் மற்றவற்றோடு சமமாக எழுந்து வருகின்றன. நீங்கள் 110 டெசிபலில் வாசிக்கும்போது கேட்பவரின் காதே கீழ் சுரங்களைக் கூட்டிக் கொடுக்கிறது. அதே இசையை ஒருவன் பஸ்ஸில் ஹெட்போனில் மெதுவாகக் கேட்டால், அந்த உதவி நின்றுபோகிறது. மேடையில் சத்தம் செய்துகொண்டிருந்த வேலையைப் பதிவில் வேறு யாராவது செய்தாக வேண்டும். டிரம்ஸின் இடம், பேஸ் கிட்டாரின் உருவம், பாட்டின் அமைப்பு, மைக் இருக்கும் தூரம் ஆகியவைதான் அதைச் செய்யும்.

இந்தப் பெரிய ஆம்ப்களின் கதையே மேடையின் தேவையால் வந்தது. 1960களில் அரங்கில் ஒலிபெருக்கி என்பது பாடுபவருக்கு மட்டும்தான். கிட்டாருக்குத் தனி மைக் வைக்கும் வழக்கம் இல்லை. பின்வரிசை வரை கேட்க ஆம்பே உழைக்க வேண்டியிருந்தது. லண்டன் ஹான்வெலில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் 'தி ஹூ' என்ற ராக் குழுவின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட் வந்து இன்னும் சத்தம் வேண்டும் என்று நச்சரித்ததில் 100 வாட் ஆம்பும், அதற்கேற்ற ஸ்பீக்கர் அடுக்கும் பிறந்தன. பிறகு போட்டி தொடங்கிவிட்டது. 1972இல் லண்டன் ரெயின்போ அரங்கில் டீப் பர்ப்பிள் என்ற குழு 117 டெசிபல். 1976 மே 31 அன்று சார்ல்டன் மைதானத்தில் தி ஹூ, 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல். கின்னஸ் புத்தகம் இதையெல்லாம் சாதனையாகப் பதித்துவந்தது. மக்களின் காது கெடுகிறது என்று பின்னாளில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. டவுன்ஷெண்டின் காதும் போனது, அவரே சொல்லியிருக்கிறார்.

இப்போது நீ இருக்கும் ஊருக்கு வருகிறேன். அங்கே பிறந்த குழுவான பிளாக் சபாத்தின் பையன்கள் தங்கள் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்தது 1969 அக்டோபர் 16 அன்று, லண்டன் ரீஜண்ட் சவுண்ட் ஸ்டூடியோவில், ஒரே நாளில். கையில் இருந்தது நான்கு டிராக் டேப். மேடையில் வாசிப்பதைப் போலவே எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் மட்டும் சிறு தடுப்பறைக்குள் நின்று கூடவே பாடினார். மழையும் மணியோசையும் பிறகு சேர்த்தவை. அதை இன்று போட்டுக் கேள். கிட்டார் டிஸ்டார்ஷன், அதாவது வேண்டுமென்றே சேர்க்கும் கரகரப்பு, நீ வைப்பதில் பாதிகூட இருக்காது. பேஸ் தனியாக நடப்பது தெரியும். டிரம்ஸைச் சுற்றிக் காற்று இருக்கும். கனம் குறைந்ததா? 2025 ஜூலை 5 அன்று உங்கள் ஊர் வில்லா பார்க் மைதானத்தில் அவர்கள் கடைசியாக வாசித்தபோது டிக்கெட் கிடைக்கவில்லை என்று நீ புலம்பியது நினைவிருக்கிறது. பதினேழு நாளில் ஆஸி போய்ச் சேர்ந்தார்.

அந்தக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமியின் விரல் கதை உனக்குத் தெரிந்ததுதான். பதினேழு வயதில் தகட்டுத் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைக்காரர் ஆதலால் தந்தியை அழுத்துகிற கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, மேலே தோல் ஒட்டித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். கோயில் கச்சேரிகளில் தவில் வித்வான் விரல்களில் கூடு மாட்டுவதை நீ அருகில் போய் நின்று பார்ப்பாயே, ஏறக்குறைய அந்த மாதிரி. மெல்லிய தந்தி போட்டார். 1971இல் மூன்றாவது ஆல்பத்தில் தந்தியையே மூன்று அரைச்சுரம் தளர்த்திவிட்டார். அழுத்துவது எளிதானது, ஒலியும் கீழே இறங்கியது. நீயும் அதே சுருதியில்தான் வாசிக்கிறாய். உன் கீழ்த்தந்தி 69 ஹெர்ட்ஸ்.

இந்த 69 முக்கியமான எண். உங்கள் ஒத்திகை அறையின் கூரை இரண்டரை மீட்டர் உயரம் என்றாய். 69 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய ஐந்து மீட்டர். தரைக்கும் கூரைக்கும் நடுவே சரியாகப் பாதி அலை அகப்பட்டுக்கொள்கிறது. தரையோரத்திலும் கூரையோரத்திலும் அந்தச் சுரம் முட்டிக்கொண்டு நிற்கும். நடு உயரத்தில் காணாமல் போகும். டிரம்ஸ் வாசிக்கிற பையன் உன் கீழ்த்தந்தி கேட்கவில்லை என்று சதா சண்டை போடுகிறான் என்றாயே, அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான் பாப்பா. அவன் காது சரியாக அந்த நடு உயரத்தில் இருக்கிறது. எத்தனை ஆம்ப் சேர்த்தாலும் அவனுக்குக் கேட்காது. ஸ்டூடியோவில் உயரமான கூடம் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள். டிரம்ஸை அங்கே போடுங்கள், ஆம்ப் எந்தக் கிடங்கில் இருந்தாலும் பரவாயில்லை.

லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் உதாரணம் இதற்குப் பொருந்தும். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் ஜான் போனமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவுசெய்தார் ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ். உலகமே இன்றுவரை அந்த ஒலியைத் திருடிக்கொண்டிருக்கிறது. அதே குழுவின் முதல் ஆல்பத்தில் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் பயன்படுத்தியது சுப்ரோ என்ற சின்ன ஆம்ப். வால்வு ஆம்ப் ஒன்றை அதன் எல்லைவரை தள்ளும்போதுதான் நல்ல ஒலி வரும். 100 வாட் ஆம்பில் அந்த எல்லையை எட்டுவதற்குள் கட்டடம் ஆடிவிடும். 15 வாட் ஆம்ப் சீக்கிரமே அங்கே போய்விடும். மைக்குக்குக் கண் கிடையாது, எதிரே இருப்பது எவ்வளவு பெரியது என்று அது பார்ப்பதில்லை. ஸ்டூடியோக்காரரிடம் சின்ன ஆம்ப் இருந்தால் ஒருநாள் முழுக்க அதோடு இரு.

டிஸ்டார்ஷனைக் குறை. மேடையில் வைப்பதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடு. அதே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) இரண்டாம் முறை வாசித்து ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வை. கணினியில் நகல் எடுத்து வைப்பது ஏமாற்று. இரண்டும் ஒன்றே என்பதால் நடுவிலேயே கிடக்கும், சத்தம் மட்டும் கூடும். உன் கை இரண்டு தடவையும் கொஞ்சம் மாறி விழுகிறதே, அந்த மாற்றம்தான் அகலம். இரண்டுக்கு மேல் அடுக்காதே, களியாகிவிடும்.

மைக்கை ஸ்பீக்கர் கூம்பின் நட்டநடுவில் வைத்தால் கீச்சென்று இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக இருண்டுவிடும். விரல்கடை நகர்த்தினாலே ஒலி மாறும். வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லி, நீ கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து மெல்லிய ஒலியில் கேட்டு முடிவெடு. சத்தமாகக் கேட்டால் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். நாதஸ்வரம் பதிவுசெய்யும்போது நான் செய்துவந்ததும் இதுதான். வித்வானை மெதுவாக வாசிக்கச் சொல்ல முடியாது, சொன்னால் நாதம் செத்துவிடும். மைக்கைத்தான் பின்னால் இழுப்பேன்.

மூன்று பேரும் சேர்ந்தே வாசியுங்கள். உங்கள் இரண்டாவது பாட்டு ரிஃப் திரும்பும் இடத்தில் லேசாகப் பின்வாங்குகிறது. மெட்ரோனோம் என்ற தாளக் கருவியைப் போட்டால் அது செத்துப்போகும். காலப்பிரமாணம் பிசகுவது வேறு, இது வேறு.

பேஸ் வாசிக்கும் தம்பியை விட்டுவிடாதீர்கள். 1988இல் மெட்டாலிகா வெளியிட்ட ஆல்பத்தில் பேஸ் கிட்டார் ஏறக்குறையக் கேட்கவே கேட்காது. மிக்சிங்கில் குறைக்கச் சொன்னதும் குழுவினரே. பாட்டுகள் அபாரம், ஆனால் எலும்பு தெரிகிற உடம்பு. உன் கிட்டாரின் அடிப்பகுதியை மிக்சிங்கில் கொஞ்சம் வெட்டிக் கொடுத்தால் அவனுடைய 35 ஹெர்ட்ஸ் சங்கதிக்கு இடம் கிடைக்கும். தனியாகக் கேட்டால் உன் கிட்டார் மெலிந்துவிட்டது என்று பதறுவாய். தனியாகக் கேட்காதே.

என் பேச்சுக்கு மாறானவர்களும் உண்டு, மறைக்க மாட்டேன். சன் என்ற அமெரிக்கக் குழு, பழைய ஆம்ப் கம்பெனியின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. அங்கி அணிந்து, புகைக்குள் நின்று, ஆம்ப் மதிலுக்கு முன்னால் ஒரே சுரத்தை நிமிடக்கணக்கில் பிடிப்பார்கள். பெரும்பாலும் டிரம்ஸே கிடையாது. அவர்களுக்குச் சத்தம்தான் வாத்தியம். அவர்களின் 2019 ஆல்பத்தை சிகாகோவில் எலக்ட்ரிகல் ஆடியோவில் டேப்பில் பதிவுசெய்தவர் ஸ்டீவ் ஆல்பினி, 2024இல் காலமானார். தயாரிப்பாளர் என்ற பட்டம் வேண்டாம், பதிவுசெய்தவர் என்று போட்டால் போதும் என்பார், ராயல்டியும் வாங்கமாட்டார். அப்படிப்பட்ட கூடமும் அப்படிப்பட்ட ஆளும் கிடைத்தால் ஆம்பை எவ்வளவு வேண்டுமானாலும் திருகு. ஆனால் உங்கள் பாட்டில் டிரம்ஸ் நடக்கிறது, வார்த்தை இருக்கிறது. அது வேறு ஜாதி இசை.

எனக்குப் பிடித்த கதை டீப் பர்ப்பிளுடையது. 1971 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் மாண்ட்ரூவில் பதிவுக்குப் போனார்கள். இடம் பார்த்திருந்த கேசினோ வேறொருவர் கச்சேரியின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. பெவிலியன் என்ற அரங்குக்கு மாறினார்கள். இரவில் சத்தம் தாங்காமல் ஊரார் புகார் செய்ய, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. டேக் (ஒரு முறை வாசித்துப் பதிவது) முடியும்வரை உதவியாளர்கள் கதவை உள்ளிருந்து பிடித்துக்கொண்டார்கள். கடைசியில், குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை நிறுத்திவைத்து, வெளியே நின்ற பதிவு லாரிக்குக் கம்பி இழுத்து வாசித்தார்கள். வாசித்ததைக் கேட்க லாரிக்குப் போவது பெரும்பாடு என்பதால் போவதையே நிறுத்திவிட்டார்கள். நீங்களும் ஒவ்வொரு டேக்குக்கும் ஓடிவந்து கேட்காதீர்கள்.

மாஸ்டரிங், அதாவது பாட்டை வெளியீட்டுக்குத் தயார்செய்யும் கடைசி வேலை, செய்பவர் ஒலியை நசுக்கி ஏற்றித் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். 2008இல் மெட்டாலிகாவே அந்தப் பள்ளத்தில் விழுந்தது. அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் நசுக்கப்படாமல் வர, அதுதான் நன்றாக இருக்கிறது என்று ரசிகர்களே மனுப் போட்டார்கள். இப்போது ஸ்பாட்டிஃபை எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு இறக்கிவிடுகிறது. நசுக்கிய பாட்டு நசுங்கியதாகவே கேட்கும், சத்தமும் மிஞ்சாது.

மேடைக்கு ஒரு வார்த்தை. மிக்சரில் இருப்பவரால் உன் கிட்டாரைக் கூட்ட முடியும், ஆம்பிலிருந்து நேரே வருவதைக் குறைக்க முடியாது. உன் ஸ்பீக்கர் பெட்டி உன் முழங்காலைப் பார்த்து நிற்கிறது. அதைச் சாய்த்து உன் முகத்தைப் பார்க்க வை, நீயே குறைத்துக்கொள்வாய்.

காதுக்கு இசைக்கலைஞர்களுக்கான அடைப்பான் வாங்கு, எல்லாச் சுரத்தையும் சமமாக 15 டெசிபல் குறைப்பது. பஞ்சு வைக்காதே, மேல் சுரம் மட்டும் போய்விடும். 100 டெசிபலைக் காது தாங்குவது ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். 85 என்றால் எட்டு மணி நேரம். நடுவில் இருப்பது அந்த 15தான். அந்த நாட்டுச் சட்டப்படி சத்தம் மிகுந்த மதுக்கூடத்தில் கோப்பை கழுவும் பையனுக்குக்கூட முதலாளி காதுப் பாதுகாப்புக் கொடுத்தாக வேண்டும். உனக்கு முதலாளி இல்லை, பணத்தை நான் அனுப்புகிறேன்.

மிக்ஸ் முடிந்ததும், மாஸ்டரிங்குக்கு முன்னால், எனக்கு அனுப்பு. எம்பி3 வேண்டாம், வேவ் ஃபைலாக அனுப்பு. மேல் சுரங்கள் எனக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை. டிரம்ஸின் சிம்பல் தட்டுகள் பற்றி நான் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே, பேஸ் பற்றிச் சொன்னால் கேள்.

அன்புடன்,
அப்பா