லால்பாக் வரலாற்றுப் பலகைகள்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சங்கக் கூடத்தில், நம் பெங்களூர் லால்பாக் தோட்டத்தின் வரலாற்றைச் சொல்லும் பலகைகள் மாட்டும் வேலை முடிந்தது. திட்டமிட்டது 18, மாட்டியது 19. சுவருக்கு வெள்ளையடித்ததும் விளக்கு போட்டதும் பராமரிப்பு நிதியில், சொன்ன தேதியில் முடிந்தன. அதை யாரும் கேட்கவில்லை.

கேட்பதெல்லாம் 26,400 ரூபாயைத்தான். 1,35,000-க்கு ஒப்புதல் வாங்கிவிட்டு 1,61,400 செலவழித்தது எப்படி?

முதலில் கண்ணாடி மாளிகைப் பலகை. 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்ட இந்த மாளிகைக்கு லண்டன் கிறிஸ்டல் பேலஸ்தான் முன்மாதிரி என்று குறிப்பில் எழுதியிருந்தோம். நாங்கள் கொடுத்த படம் மங்கலாக இருந்ததாம். ஒப்பந்தக்காரர் தானாகவே இணையத்தில் ஒரு படத்தை எடுத்து அச்சடித்துவிட்டார். அது கிறிஸ்டல் பேலஸ். 1936-லேயே எரிந்துபோன கட்டடம்! கேட்டால், "அதைப் பார்த்துத்தானே சார் கட்டினாங்க, ரெண்டும் ஒண்ணுதானே" என்கிறார். மூன்று வாரம் இழுபறி. கடைசியில் ப்ரூஃப் தாளை நீட்டினார். அதில் செயலாளராகிய என் கையெழுத்து. எழுத்துப்பிழை பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. மறு அச்சில் பாதி, 3,750 ரூபாய், சங்கத்தின் தலையில் விழுந்தது அதனால்தான். முழுவதையும் அவரிடமே கறந்திருக்கலாமே என்பவர்களுக்கு: கையெழுத்தைப் போட்டுவிட்டு வழக்காட எனக்கு முகமில்லை.

அப்புறம் டபுள் டேப். ஸ்க்ரூ என்று பேசிவிட்டு டேப்பில் ஒட்டிப் போயிருக்கிறார். முதல் மழையில் சுவர் ஓதம் ஏறி, தோட்டம் அரசுத் தாவரவியல் பூங்காவான 1856-ஐச் சொல்லும் பலகை விழுந்தது. மறுநாள் இரவு ஹைதர் அலி பலகை. யாருக்கும் அடிபடவில்லை. கடைசித் தவணையை மாட்டிய அன்றே கொடுத்துவிட்டோம், அது எங்கள் தவறு. வேறு ஆளை வைத்து இரும்புச் சட்டம் அடித்ததில் 15,150.

மீதி 7,500, பத்தொன்பதாவது பலகை. இதற்கு மட்டும் நான் வருத்தப்படவே மாட்டேன். 1760-இல் ஹைதர் அலி தொடங்கினார், திப்பு வெளிநாடுகளிலிருந்து செடிகளைத் தருவித்தார் என்று எழுதினால் போதுமா? மண்ணைக் கொத்தியவர்கள் யார்? தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் தோட்டக்காரச் சமூகமான திகளர்களை விட்டுவிட்டு இந்த ஊரில் தோட்ட வரலாறே கிடையாது. தர்மராயசுவாமி கோயில் கரகம் எடுப்பதும் அவர்கள்தான். முதல் பட்டியலில் அவர்கள் இல்லை. பொதுக்குழுவில் ஒரு அம்மா எழுந்து கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

"தினமும் நடக்கிற இடத்துக்குப் பலகை எதற்கு?" என்றும் ஒரு கடிதம் வந்தது. சரி, நடக்கிறோம். நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்கிற சௌசௌவை இங்கே கொண்டுவந்து பரப்பியவர் லால்பாக் கண்காணிப்பாளர் ஜான் கேமரூன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்குப் பின் 1908-இல் வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரும்பிகல், ஒரு வகை மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி தேர்ந்து இந்த ஊர்த் தெருக்களில் நடவைத்தார். சுற்றி நடக்க 240 ஏக்கர், ஏறி நிற்க 300 கோடி ஆண்டுப் பாறை, குடியரசு நாளுக்கும் சுதந்திர நாளுக்கும் மலர்க் கண்காட்சி எல்லாம் சரிதான். ஆனால் வெளியூர்ச் செடியை வைத்துப் பார்த்து, பிழைத்தால் ஊருக்குக் கொடுப்பதுதான் அந்தத் தோட்டத்தின் பழைய வேலை.

நன்கொடை 1,50,000. போன முறை பெயர் வரிசையில் வந்த சண்டைக்குப் பிறகு பெயர் போடுவதில்லை என்று தீர்மானம் இருப்பதால்: இரண்டு பலகை தந்த பல் டாக்டர் தம்பதி, மேல்மாடி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஐந்தரை மணி நடைக்குழு மொத்தமும், மாவு மில்காரர், பேரன் பிறந்ததற்குக் கொடுத்த தாத்தா, கொடுத்ததை யாரிடமும் சொல்லாதே என்றவர், சொல்லியே தீர வேண்டும் என்றவர், எல்லோருக்கும் நன்றி. குறைந்த 11,400-ஐப் பொருளாளர் கைமாற்றாகப் போட்டிருக்கிறார். திருப்பித் தர வேண்டும்.

கணக்குப் புத்தகம் கூடத்து மேசையிலேயே இருக்கிறது. கிறிஸ்டல் பேலஸ் பலகையை ஒப்பந்தக்காரர் எடுத்துப் போகவில்லை. ஸ்டோர் அறையில் கிடக்கிறது. வேண்டுபவர்கள் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போகலாம். படத்தைப் பார்த்துவிட்டுப் போடவும்.

செயலாளர்