பத்தாவது ஆள்

தஞ்சாவூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படிவத்தை மூன்று தடவை படித்தேன். அமெரிக்காவில் நீங்கள் போகிற சினகாக்கில், அதாவது யூத ஜெபாலயத்தில், எல்லாக் குடும்பங்களிடமும் இதைக் கேட்கிறார்கள் என்று புரிகிறது. நீங்கள் இருவரும் காலமான பிறகு உங்கள் சொத்தில் ஒரு பங்கு அந்தச் சமூகத்துக்குப் போகும்படி எழுதிவைக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு முழுச் சம்மதம், உனக்குத்தான் தயக்கம் என்று எழுதியிருந்தாய். அதுவும் என்னை நினைத்து. "நீங்களும் அம்மாவும் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்ததும் அதில் இருக்கிறதே அப்பா, வேறொரு கோயிலுக்குப் போனால் வருத்தமாக இருக்குமா?" என்று கேட்டிருந்தாய். போனில் எனக்கு இதெல்லாம் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

வருத்தம் இல்லை அம்மா. தாராளமாக எழுதிவை. எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பம்பாயில் ஃபோர்ட் ஆபீஸில் நான் இருந்த 28 வருஷமும் தணிக்கைக்குப் போன இடங்களில் ஒரு யூத டிரஸ்டும் உண்டு என்பது உனக்குத் தெரியும். சின்ன வயசில் உன்னைக் காலா கோடா பக்கம் கூட்டிப்போனால் ரிதம் ஹவுஸுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கட்டடத்தைக் காட்டி 'நீலக் கோயில்' என்பாய். அதுதான் கெனெசத் எலியாஹூ ஜெபாலயம். ஜேக்கப் சசூன் தன் அப்பா எலியாஸின் நினைவாக 1884ல் கட்டியது. பழுதுபார்த்து 2019ல் மறுபடி திறந்தார்கள். பைகுல்லாவில் இருக்கிற மாகென் டேவிட் ஜெபாலயம் அவருடைய தாத்தா டேவிட் சசூன் கட்டியது. பாக்தாதிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் செல்வத்தில் அபின் வியாபாரப் பணமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணத்தை அவர்கள் அறக்கட்டளைகளாகக் கட்டிவைத்த விதத்தைக் கணக்குப் பார்க்கிறவன் என்ற முறையில் நான் வியந்திருக்கிறேன். கட்டியவர்கள் போய் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு எரிகிறது.

அவர்களுக்கு வெகுகாலம் முன்பே கொங்கண் கரையில் குடியேறியவர்கள் பெனே இஸ்ரேல் என்ற யூத மக்கள். செக்காட்டி எண்ணெய் எடுப்பவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள் என்பதால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி' என்றார்கள். பம்பாயில் அவர்களுடைய முதல் ஜெபாலயம் 1796ல் எழுந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்த காலத்தில் நாடு முழுவதும் முப்பதாயிரம் யூதர்கள் போல இருந்தார்கள். இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். இன்று நாலைந்து ஆயிரம் பேர்தான் மிச்சம்.

சரி, நான் சொல்ல வந்த சம்பவத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் மட்டும்தான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

1998 என்று நினைக்கிறேன். எந்த டிரஸ்ட் என்று எழுத வேண்டாம். காலையில் பேரேடுகளோடு உட்கார்ந்திருந்தபோது இஸ்ரேலில் திமோனா ஊரிலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயசு இருக்கும். நல்ல மராத்தி பேசினார். கையில் பழுத்துப்போன ரசீது ஒன்று. 1964ல் குடும்பத்தோடு கப்பலேறும் முன் அவர் 500 ரூபாய் கட்டியிருக்கிறார். அந்த வட்டியில் ஒவ்வொரு வருஷமும் அவருடைய அப்பா இறந்த நாளில் விளக்கேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நாளை மாப்பிள்ளை வீட்டில் யார்சைட் என்பார்களே, அதேதான்.

பேரேட்டில் தேடினேன். அந்த 500 ரூபாய் வேறு பல சின்னக் கொடைகளோடு சேர்ந்து ஒரே வைப்பாக இருந்தது. யாரும் திருடவில்லை. ரூபாய் ரூபாயாகவே இருந்தது. ஆனால் அவர் பங்குக்கு வந்த வட்டியில் எண்ணெய் வாங்குவது இருக்கட்டும், எண்ணெய்க் கடைக்கு டாக்ஸியில் போய்வரக்கூட முடியாது. அப்புறம்தான் தெரிந்தது, அங்கே ஷமாஷாக, அதாவது ஜெபாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக, இருந்த வயதானவர் அத்தனை வருஷமாகத் தன் கைக்காசைப் போட்டு விளக்கேற்றி வந்திருக்கிறார். பட்டியலில் இருந்த எல்லாப் பெயர்களுக்கும். நான் பல வருஷம் அந்தக் கணக்கில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டவன். அன்று எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அதோடு முடியவில்லை. வந்தவர் அப்பாவுக்காகக் காதிஷ் என்ற, இறந்தவர்களுக்கான பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும் என்றார். அதற்கு மின்யான் வேண்டும், அதாவது பத்து யூத ஆண்கள். எட்டுப் பேர் இருந்தார்கள். போன் செய்து ஒருவரை வரவழைத்தார்கள். ஒன்பது. கூரை உயரமாக இருந்தது, தரை பளபளத்தது, பேழைக்குள் அவர்கள் வேதமான தோராச் சுருள்கள் வெள்ளி முடியோடு நின்றன. பத்தாவது ஆள் மட்டும் இல்லை. நான் வாசற்படியில் பேரேட்டை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. உள்ளே போய்ப் பத்தாவதாக நின்றுவிடலாமா என்று மனம் துடித்தது. நான் நின்றால் கணக்கில் சேராது, அவர்கள் முறை அது. கடைசியில் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க முதுகில் பையோடு ஓர் இஸ்ரேல் பையன் வந்து சேர்ந்தான். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள், தலையில் ஒரு குல்லாயை வைத்தார்கள். அவனுக்குப் பிரார்த்தனை பாதிதான் தெரிந்தது. நடுநடுவே 'ஆமேன்' மட்டும் உரக்கச் சொன்னான். திமோனாக்காரர் அழுதார். வெளியே நின்ற நானும்தான்.

இரண்டு விஷயம் அன்று என் மனதில் பதிந்தது. முதலாவது பணத்தைப் பற்றியது.

இங்கே பெரிய கோயிலுக்குச் சாயங்காலம் நடக்கப் போகும்போதெல்லாம் அந்த ரசீது நினைவுக்கு வரும். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில், ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடு என்று கணக்கு. பசுவாக இருந்தால் 48, எருமையாக இருந்தால் 16. அவற்றை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். அவர்கள் ஆடவல்லான் என்ற கோயில் அளவையால் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் அப்படி விட்ட மந்தைக்கு ஒரு பெயர் உண்டு: 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழடாகாத ஆடு. ஒவ்வோர் ஆடும் செத்துத்தான் போகும், ஆனால் குட்டி போடுவதால் 96 என்ற எண் அப்படியே நிற்கும். நெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் விளக்குக்குக் கவலையில்லை. திமோனாக்காரர் கட்டிய 500 ரூபாய்க்குக் குட்டி போடத் தெரியவில்லை. அது சாகவில்லை, மூத்துப்போய்விட்டது.

உங்கள் சினகாக்கிலும் பேழைக்கு முன்னால் அணையாமல் ஒரு விளக்கு தொங்குகிறதே, நேர் தாமித் என்று மாப்பிள்ளை சொன்னார். நந்தா விளக்கு என்பதற்கு அதைவிடச் சரியான எபிரேயச் சொல் இருக்க முடியாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது அம்மா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: நீங்கள் தருவதை எங்கே போடுவார்கள், வருஷத்துக்கு எவ்வளவு எடுப்பார்கள்? அமெரிக்காவில் இப்படிப்பட்ட நிரந்தர நிதிகளில் பெரும்பாலும் 4 அல்லது 5 சதவீதம் எடுத்துச் செலவழித்துவிட்டு மிச்ச வளர்ச்சியை முதலோடு சேர்க்கிறார்கள். அது மந்தையைக் காக்கிற முறை. கூரை ஒழுகுகிறது என்று அந்த முதல் தொகையிலேயே கைவைத்தால் ஆட்டை அடித்துத் தின்கிற கதைதான். இதை யார் தீர்மானிக்கிறார்கள், எழுத்தில் விதி உண்டா என்று கேள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நீங்கள் எழுதுவதும் தொகையாக இருக்க வேண்டாம், சதவீதமாக இருக்கட்டும். தொகை முப்பது வருஷத்தில் என்னவாகும் என்று பார்த்துவிட்டேன். அவர்கள் மரபில் பத்தில் ஒன்று என்ற கணக்கு பழசு. மீதி ஒன்பது பங்கும் குட்டிப்பெண்ணுக்கு இருக்கிறது, அவளிடமிருந்து எடுத்துக் கொடுப்பதாக நினைக்காதே.

எதிலிருந்து கொடுப்பது என்பதற்கும் வழி இருக்கிறது. வீடு, நகையை விட உங்கள் ஓய்வூதியக் கணக்குதான் இதற்குப் பொருத்தம். அந்தப் பணம் மகளுக்குப் போனால் அவள் எடுக்கும்போது வருமான வரி கட்ட வேண்டும். வளர்ந்த பிள்ளை என்றால் பத்து வருஷத்துக்குள் முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்று 2020 முதல் விதி. அதே பணம் தர்ம ஸ்தாபனத்துக்குப் போனால் வரியே இல்லை. ஆனால் கவனம், அந்தக் கணக்கு உயிலைப் பார்க்காது. அதில் யார் பெயரை நியமித்திருக்கிறீர்களோ அவருக்குத்தான் போகும். வேலை பார்க்கும் கம்பெனி மூலம் உள்ள கணக்கில் மனைவியையோ கணவரையோ விட்டு வேறு பெயர் போட அவருடைய எழுத்துச் சம்மதமும் தேவை. இப்போது நீ அனுப்பியிருக்கிற படிவம் கொடுக்கும் எண்ணத்தைத் தெரிவிக்கிற கடிதம் மட்டும்தான். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெயரை மாற்றாமல் விட்டால் ஒன்றும் நடக்காது. உங்கள் ஊர் வக்கீலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பெரியது. அன்று அங்கே சுவர் இருந்தது, விளக்கு இருந்தது, குறைந்தது ஓர் ஆள். செத்துப்போனவர்கள் பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான் எழுதிவைக்கிறார்கள், கல்லில் பெயர் நிற்கும் என்று. பைகுல்லாவில் மாகென் டேவிட் வளாகத்தில் சசூன் பெயரில் நடக்கிற பள்ளியில் இன்று பெரும்பாலும் முஸ்லிம் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். அது எவ்வளவு நல்ல காரியம்! அந்தப் பணம் வீணாயிற்று என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஊரை விட்டுப் போகிறவர்களைப் பணத்தால் நிறுத்தவும் முடியாது. நம் சென்னையையே பார். 1688ல் மாநகராட்சி தொடங்கியபோது அதில் யூத வணிகர்களும் அங்கம் வகித்தார்கள், பவளம் கொண்டுவந்து வைரம் வாங்கிப்போனவர்கள். இன்று அவர்கள் ஞாபகமாக லாயிட்ஸ் ரோட்டில் சில கல்லறைகள் இருக்கின்றன.

உங்கள் ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் ஆட்களுக்கே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை எபிரேயம் சொல்லித்தருகிற டீச்சரின் சம்பளம், கோடை முகாமுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை, சந்தா கட்ட முடியாமல் வருவதையே நிறுத்திவிட்ட குடும்பம். வருஷா வருஷம் உறுப்பினர் சந்தாவை நம்பித்தான் அங்கே வண்டி ஓடுகிறது என்றாய். அதிலும் இப்போது வாசலில் காவலுக்கு ஆள். 2018ல் பிட்ஸ்பர்கில் பிரார்த்தனைக்கு வந்த 11 பேரைச் சுட்டுக்கொன்ற அன்று உனக்கு எத்தனை தடவை போன் செய்தேன் என்று எனக்கே கணக்கில்லை. காவல் செலவு மேலே வந்து உட்கார்ந்தால் முதலில் வெட்டுப்படுவது பிள்ளைகள் படிப்புதான். அதற்கு ஒரு நிதி இருந்தால் அது தப்பும்.

ஆனாலும் கையைக் கட்டிப்போடுகிற மாதிரி எழுதாதே. 'பிள்ளைகளின் கல்விக்கு முதன்மை, அது தேவைப்படாத காலத்தில் சமூகத்தின் வேறு தேவைக்கு' என்று ஒரு வரி போதும். பம்பாயில் நோக்கம் காலாவதியான கொடைகளை வேறு நோக்கத்துக்குத் திருப்ப அறநிலைய ஆணையரிடமும் நீதிமன்றத்திலும் வருஷக்கணக்கில் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். செத்தவர் எழுதிய ஒரு சொல் உயிரோடிருப்பவர்களைக் கட்டிப்போட்டுவிடும்.

நீ என்னைப் பற்றிக் கேட்டதற்கும் நேராகப் பதில் சொல்கிறேன். நீ மதம் மாறவில்லை, வீட்டில் இன்னும் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கும் அவர்கள் மெழுகுவத்தியும் சேர்ந்தே எரிகின்றன. நீங்கள் சேர்ந்திருக்கிற ரிஃபார்ம் என்ற சீர்திருத்த யூதப் பிரிவில், அம்மாவோ அப்பாவோ ஒருவர் யூதராக இருந்து அந்த வழியில் வளர்க்கப்படும் பிள்ளையைத் தங்களவராக ஏற்பதென்று 1983ல் முடிவெடுத்தார்கள். அங்கே பெண்களையும் பத்தில் ஒருவராக எண்ணுகிறார்கள். நமக்கு முன்பின் தெரியாத யாரோ நம் வீட்டுக் குழந்தைக்காக அப்படிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அன்று வாசற்படியில் நின்றேனே, அந்த இடத்துக்கு உள்ளே இன்னும் நாலு வருஷத்தில் உரிய வயது வந்ததும் என் பேத்தி எண்ணிக்கையில் நிற்பாள். நான் எதற்கு அம்மா வருத்தப்பட வேண்டும்?

என் பங்காகவும் கொஞ்சம் அனுப்புகிறேன். அம்மாவின் இரண்டு வளையலை விற்ற பணம். பெரிய தொகை இல்லை. டீச்சருக்கோ புத்தகத்துக்கோ, அவர்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும் மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். அங்கே சுவரில் பித்தளைப் பலகையில் பெயர்கள் பொறித்து, இறந்த நாள் வரும்போது பெயருக்குப் பக்கத்தில் சின்ன பல்பு எரியவிடுவார்களே, அதில் அம்மா பெயரையும் போட முடியுமா? அவர்கள் கணக்கும் நம் திதி மாதிரி சந்திரனைப் பார்த்துத்தான் என்றாய். அம்மா போனது ராத்திரி ஏழேகால் மணி. இருட்டிவிட்டது. சூரியன் மறைந்தாலே அவர்களுக்கு மறுநாள் என்பதால், எந்த மாதம் எந்த நாள் வருகிறது என்று சரியாகப் பார்த்து எழுதச் சொல்.

அன்புடன்,
அப்பா