மாமாவின் குடல் ரத்தக்குழாய் அடைப்பு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மா,

மாமாவின் சி.டி. ஆஞ்சியோ (சாயம் செலுத்தி ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டைப் படித்தேன். குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாய்களில் இரண்டில் அடைப்பு. சிறுகுடல் கிட்டத்தட்ட முழுவதும் நம்பியிருக்கும் நடுக்குழாயில் 80 சதவீதம். கேஸ் தொல்லை என்று மாத்திரை மேல் மாத்திரையாகப் போட்டும் கேட்காததற்குக் காரணம் இதுதான். சாப்பிட்டதும் செரிக்க வைக்கக் குடலுக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், அது வருவதில்லை. அதனால்தான் 15 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொப்புளைச் சுற்றி வலி பிடித்து, இரண்டு மூன்று மணி நேரம் ஆட்டி வைக்கிறது. இரண்டு வாய் சாப்பிட்டதும் தட்டை நகர்த்தி வைக்கிறாரே, பசி இல்லாமல் இல்லை, வலிக்குப் பயந்து. அதட்டிச் சாப்பிட வைக்காதே.

“கொஞ்சம் உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம்” என்று சொந்தக்காரர்கள் சொன்னால் தலையாட்டிவிடாதே. வலியும் எடைக் குறைவும் வந்துவிட்டால் அடைப்பைத் திறப்பதுதான் வைத்தியம். ரத்த ஓட்டம் சரியானால்தான் உடம்பு தேறும். காத்திருக்கும் நாட்களில் குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் குடல் அழுக ஆரம்பித்துவிடும்.

பெரும்பாலும் ஸ்டென்ட்தான் வைப்பார்கள், அடைத்த இடத்தைத் திறந்து பிடித்துக்கொள்ளும் சிறிய வலைக் குழல் அது. தொடை வழியாகவோ கை வழியாகவோ போவார்கள். இந்த நடுக்குழாய் மகாதமனியிலிருந்து (இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய்) கீழ்நோக்கிச் சரிந்து இறங்குவதால் சிலருக்குக் கை வழிதான் சுலபம். டாக்டரிடம் ஒன்றை மறக்காமல் கேள்: உறை போட்ட ஸ்டென்டா, வெறும் கம்பி வலையா? வெறும் வலைக்குள் சதை வளர்ந்து மறுபடி சுருங்குவது அதிகம். அடைப்பு நீளமாகவோ சுண்ணாம்பு படிந்து கெட்டியாகவோ இருந்தால் பைபாஸ் என்பார்கள். ஸ்டென்ட் வைக்கும்போது குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவையும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுவதையும் முன்னாடியே சொல்லிவிடு.

ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டினும் ஆயுசுக்கும் தொடரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான குளோபிடோக்ரல் எத்தனை மாதம் என்று எழுதி வாங்கிக்கொள். பல் பிடுங்க வேண்டும் என்று யார் சொன்னாலும், ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சிகரெட் ஒன்றுகூட வேண்டாம். இதில் நீ மாமாவுக்கு விட்டுக்கொடுக்கவே கூடாது. மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் மாத்திரையும், எர்கோட் கலந்த ஒற்றைத் தலைவலி மாத்திரையும் குழாயைச் சுருக்கும், அவையும் வேண்டாம். வாந்தி, பேதி வந்தால் நீர்ச்சத்து குறைந்து ரத்த அழுத்தம் இறங்கும். பிரஷர் மாத்திரை கொடுக்குமுன் டாக்டருக்கு போன் செய்.

ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில், ஒரு வருஷத்தில், பிறகு வருஷா வருஷம் டாப்ளர் (குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் ஸ்கேன்) பார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் போங்கள். வயிற்றில் வாயு இருந்தால் குழாய் தெரியாது, சாப்பிட்டிருந்தால் வேகக் கணக்கே மாறிவிடும். ஸ்டென்டுக்குள் ரத்த வேகம் இயல்பாகவே கூடுதலாகக் காட்டும். அதனால் முதல் டாப்ளர் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வை, அடுத்ததையெல்லாம் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதை ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டு: திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி, வயிறு அமுக்கினால் மெத்தென்று இருந்தாலும் சரி, அல்லது மலத்தில் ரத்தம். வலி மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், ரத்தக்குழாய் அறுவை நிபுணர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்பு. உள்ளே நுழைந்ததும் “குடல் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர், சி.டி. ஆஞ்சியோ எடுங்கள்” என்று சொல். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் வராதே.

இப்போதைக்குச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடு. வாரம் ஒரு முறை அதே எடை மெஷினில் எடை பார்த்து எழுதி வை. தேதி குறித்ததும் அவர் மாத்திரைகளையெல்லாம் மேஜையில் பரப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா