வன்தட்டு மாற்றம்: யாழ்ப்பாண நண்பருக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் நண்பருக்கு,

நான் நலம். உமது நலத்தையும் வீட்டில் எல்லோருடைய நலத்தையும் அறிய ஆவல். உமது கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மகளின் கலியாணப் பேச்சு நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து மனம் நிறைந்தது. திகதி குறித்ததும் அழைப்பிதழ் வேலையை வேறு எவரிடமும் கொடுத்துவிட வேண்டாம். அது என் கடமை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீர் கேட்டிருந்ததற்குத்தான் இன்று ஆறுதலாகப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கணினியில் உள்ள 500 கிகாபைட் வன்தட்டு நிரம்பிவிட்டது, அதில் இருப்பதை இருந்தபடியே பெரிய தட்டொன்றுக்கு மாற்ற இலவச மென்பொருள் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தீர். போன மாதம் நானும் இதே வேலையைச் செய்து முடித்தேன். ஆகையால் கேள்விப்பட்டதை அல்லாமல், கையால் செய்து பார்த்ததையே எழுதுகிறேன்.

புதிய தட்டில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டுக் கோப்புகளை மட்டும் பிரதி பண்ணினால் போதாதா என்று சிலர் உம்மிடம் சொல்லக்கூடும். எனக்கு அது போதவில்லை. ஆறேழு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கடையில் இதே காரியத்துக்காகக் கணினியைக் கொடுத்திருந்தேன். அவர்கள் விண்டோஸைப் புதிதாக நிறுவி, ஆவணங்கள் இருந்த ஒரு கோப்புறையை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பழைய தட்டைத் துடைத்துவிட்டார்கள். மறுநாள் ஒரு முப்பத்தோராம் நாள் நினைவு மலரைத் திறந்தேன். 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த எவருக்கும் அந்தக் காட்சி தெரியும். ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் போர்த்திக் காட்டும் பழைய எழுத்துரு அது; அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழே இல்லாமற் போய்விடும். பாமினியைத் தேடி எடுத்துவிட்டேன். ஆனால் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளை நிறுவும் இறுவட்டு, பழைய அச்சுப்பொறியின் இயக்கி மென்பொருள், பல ஆண்டுகளாகச் சேர்த்த அலங்கார எழுத்துருக்கள் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றுசேர்க்க இரண்டு மாதம் பிடித்தது. சில எழுத்துருக்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. அன்று முதல், தட்டை மாற்றுவதென்றால் அச்சொட்டான பிரதியாகவே மாற்றுவது என்று முடிவு செய்திருந்தேன்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். இலவசம் என்று சொல்லிக்கொண்டு வருபவை எல்லாம் இலவசம் அல்ல. நான் முதலில் இறக்கிய ஒன்று தட்டுகளை அழகாகப் படம் போட்டுக் காட்டி, எல்லாவற்றையும் தெரிவு செய்யவிட்டு, கடைசிப் பொத்தானை அழுத்தியபோதுதான் பணம் கேட்டது. நேர்மையாகவே இலவசமாகத் தந்தவையும் நிலைப்பதில்லை. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற நல்லதொரு மென்பொருளின் இலவசப் பதிப்பைப் பல ஆண்டுகளாக எல்லோரும் பரிந்துரைத்தார்கள். அதற்கான ஆதரவு 2024 ஜனவரியோடு முடிந்துவிட்டது. சாம்சங், வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்ற நிறுவனங்கள் தங்கள் தட்டை வாங்குவோருக்குப் பிரதி செய்யும் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. அந்த நிறுவனத் தட்டு ஒன்று கணினியில் பூட்டப்பட்டிருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். நீர் வாங்கப்போவது அவற்றில் ஒன்றென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நான் பயன்படுத்தியது குளோன்சில்லா. தாய்வானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவாகி வளர்ந்த கட்டற்ற மென்பொருள் அது; எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். குனூ பொது உரிமத்தின் கீழ் வெளிவருவதால், நாளைக்கு ஒருவர் நினைத்துக்கொண்டு அதற்கு விலை வைத்து எம் கையிலிருந்து பறித்துவிட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மற்றவற்றைவிட அதை மேலாக மதிக்கிறேன். அது விண்டோஸுக்குள் நிறுவுவது அன்று; ஒரு பென் டிரைவில் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள் மூலம் எழுதி, அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடக்க வேண்டும். விண்டோஸ் உறங்கிக்கொண்டிருக்க, தட்டை வெளியிலிருந்து பிரதி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளும். தட்டு முழுவதையும் வெற்றிடத்தோடு சேர்த்து அள்ளாமல், கோப்புகள் உள்ள இடங்களை மட்டும் எடுப்பதால் நேரமும் மிச்சம். எழுத்துகள் மட்டுமே தெரியும் அதன் திரை பழைய டொஸ் காலத்தை நினைவூட்டும். அது உமக்கு ஒத்துவராவிட்டால் ரெஸ்கியூசில்லா இருக்கிறது. சுட்டியால் அழுத்தி அழுத்திப் போகலாம், செய்யும் வேலை அதேதான்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் 1 டெராபைட் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான தட்டு) ஒன்றும், அதை வெளியிலிருந்து யூ.எஸ்.பி.யில் இணைக்கும் சாட்டா வடம் ஒன்றும் வாங்கி வந்தேன். என்னிடம் இருந்த பழைய தட்டு 256 கிகாபைட். விண்டோஸ் அதை 238 என்றும், புதியதை 931 என்றும் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024இன் மடங்கில் எண்ணுகிறது, அவ்வளவுதான்.

முதல் முயற்சியில் குளோன்சில்லா வேலையைத் தொடங்கவே மறுத்துவிட்டது. கோப்பு முறைமை ஒழுங்காக மூடப்படவில்லை என்றது. நான் விண்டோஸை முறையாகத்தான் நிறுத்தியிருந்தேன். பிறகுதான் விளங்கியது: அடுத்த முறை விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக, சாதாரணமாக நிறுத்தும்போது விண்டோஸ் தன்னை முழுமையாக மூடாமல் அரைத்தூக்கத்தில் விட்டுவிடுகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிறுத்தினால் முழுமையாக மூடும். அதற்கு முன்னர் தட்டில் பிழை உண்டா என்று விண்டோஸிலேயே உள்ள செக்டிஸ்க் கட்டளை மூலம் ஒருமுறை சரிபார்த்தும் கொண்டேன். உம் மருமகனின் மடிக்கணினிக்கும் இதைச் செய்வதாக இருந்தால், அதில் தட்டை மறைகுறியாக்கி வைக்கும் விண்டோஸின் பிட்லொக்கர் பூட்டு இருக்கிறதா என்று முதலில் பாரும்; புதிய மடிக்கணினிகள் பலவற்றில் கேட்காமலே அது போடப்பட்டிருக்கும். அதை நீக்கிய பின்னர்தான் பிரதி எடுக்க வேண்டும்.

அடுத்துச் சொல்வதைத் தயவுசெய்து இருமுறை வாசியும். எந்தத் தட்டிலிருந்து எந்தத் தட்டுக்கு என்று தெரிவு செய்யும் இடத்தில் தட்டுகளின் பெயர்கள் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்று மட்டுமே இருக்கும். முதலாவதாக வருவதே பழைய தட்டு என்று எந்த விதியும் இல்லை. மாறிப் போனால் வெறுந் தட்டு நிறைந்த தட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். இரண்டு தட்டுகளின் கொள்ளளவையும் மாதிரி எண்ணையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதி, 'இதிலிருந்து', 'இதற்கு' என்று அம்புக்குறி போட்டு, விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். திரையில் ஒவ்வொரு வரி வந்தபோதும் தாளோடு ஒப்பிட்டு, வாய்விட்டு வாசித்த பிறகே அடுத்த விசையைத் தொட்டேன். தொடங்கு முன் அது இருமுறை உறுதி கேட்கும். இரண்டாம் முறை கேட்டபோதும் தாளைப் பார்த்தேன்.

ஓடத் தொடங்கியதும் மீதி நேரம் ஒன்றரை மணித்தியாலம் என்று காட்டியது. வடத்தைக் கணினியின் முன்பக்கத் துளையில் செருகியிருந்தேன். அது பழைய யூ.எஸ்.பி. 2. நிறுத்திவிட்டு, பின்பக்கம் உள்ள வேகமான நீல நிறத் துளைக்கு மாற்றித் திரும்பவும் தொடங்கினேன். சுமார் 180 கிகாபைட் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இப்படி இடையில் நிறுத்தினால் ஏதும் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். பழைய தட்டு வாசிக்கப்படுகிறதே தவிர, அதில் ஒன்றும் எழுதப்படுவதில்லை. மின்சாரம் போனாலும் முதலிலிருந்து தொடங்கினால் சரி.

முடிந்ததும் பழைய தட்டைக் கழற்றிவிட்டே கணினியை முதல் முறை தொடக்க வேண்டும். இரண்டும் ஒரே அடையாள எண்ணைச் சுமந்திருப்பதால், சேர்த்து வைத்துத் தொடக்கினால் விண்டோஸ் குழம்பும். என் கணினி ஒரு குறையுமில்லாமல் திறந்தது. பேஜ்மேக்கர், பாமினி, மேசைத்திரையில் நான் பரப்பி வைத்திருந்த கோப்புகளின் ஒழுங்குகூட மாறவில்லை. அந்தக் கணத்தில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

ஆனால் விண்டோஸ் இருக்கும் சீ (C:) பகுதி இன்னும் பழைய அளவிலேயே இருந்தது. வாங்கிய இடம் முழுவதும் தட்டின் கடைசியில் ஒதுக்கப்படாமல் கிடந்தது. விண்டோஸின் தட்டு மேலாண்மைக்குப் போய் விரிவாக்கலாம் என்றால், அந்தக் கட்டளை மங்கலாக இருந்தது, அழுத்த முடியவில்லை. காரணம், சீ பகுதிக்கும் வெற்றிடத்துக்கும் நடுவில் விண்டோஸின் சிறிய மீட்புப் பகுதி ஒன்று மதில் போலக் குறுக்கே நின்றது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் இடத்தை மட்டுமே சீ பகுதியோடு சேர்க்கலாம். ரெஸ்கியூசில்லாவுக்குள்ளேயே ஜிபார்ட்டெட் என்ற கருவி இருக்கிறது. அதைக்கொண்டு அந்த மீட்புப் பகுதியைத் தட்டின் கடைக்கோடிக்கு நகர்த்திவிட்டு, விண்டோஸுக்குத் திரும்பி வந்து விரிவாக்கினேன். பலர் பிரதி எடுக்கும் மென்பொருளைக் குறை சொல்வது இந்த இடத்தில்தான். பிரதி சரியாகவே நடந்திருக்கும், மதில்தான் தடுக்கிறது. பகுதியை நகர்த்தும்போது மட்டும் மின்சாரம் போகக்கூடாது. பாதி இங்கும் பாதி அங்குமாக நின்றுவிடும். உம்மிடம் உள்ள யூ.பி.எஸ்ஸின் மின்கலம் தேறாது என்று முன்பு எழுதியிருந்தீர். வேறொன்றை இரவல் வாங்கியாவது அந்த வேலையைச் செய்யும்.

எல்லாக் காலத்துக்கும் போதுமாக 4 டெராபைட் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர். உமது கணினி பழையது. தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்து வைக்கும் பகுதி அட்டவணை, எம்பிஆர் (MBR) என்ற பழைய முறையில் இருக்கக்கூடும். அந்த முறையில் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் கணக்கு வைக்கவே முடியாது, மீதியிடம் வீணாகக் கிடக்கும். ஜிபிடி (GPT) என்ற புதிய முறைக்கு மாற்ற வழி உண்டு, ஆனால் தாய்ப்பலகையும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். 1 அல்லது 2 டெராபைட் வாங்குவதே உமக்கு உசிதம்.

இவ்வளவும் நல்ல நிலையில் உள்ள தட்டுக்குப் பொருந்தும். உமது கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சில நாட்களாகக் கணினியிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறது, படங்களைத் திறக்கும்போது இடையிடையே உறைந்துவிடுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர். நாற்பது ஆண்டுப் பாடசாலை மலர்களை நீர் ஒவ்வொரு பக்கமாக ஸ்கேனரில் வருடி எடுத்து வைத்திருப்பது அந்தத் தட்டில் அல்லவா? தட்டு நிரம்பியதால் அப்படிச் சத்தம் வராது. தட்டு தேய்ந்துகொண்டு போகிறது என்றே நினைக்கிறேன்.

அப்படியென்றால் குளோன்சில்லாவை அதில் ஓடவிட வேண்டாம். செக்டிஸ்க்கும் வேண்டாம், நோயாளியை ஓடவிட்டுப் பார்ப்பது போலாகும். அதற்கென்றே குனூ டிடிரெஸ்கியூ என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. வாசிக்க முடியாத இடத்தில் மல்லுக்கட்டாமல் அது தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். பிறகு திரும்பி வந்து கெட்ட இடங்களைச் சிறிது சிறிதாக முயன்று பார்க்கும். எதை எடுத்தது, எது மிச்சம் என்று ஒரு கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிழை திருத்தும் வேலையெல்லாம் அதன் பிறகு, பிரதியின்மேல் மட்டும். இதை நீர் தனியே செய்ய வேண்டாம். தட்டைத் துணியில் சுற்றி, கைப்பையில் வைத்து, இரயிலில் நீரே கொண்டுவாரும். வீட்டில் இரண்டு நாள் தங்கிச் செய்து முடிப்போம். என் பழைய 256 கிகாபைட் தட்டை நான் துடைக்காமல் மேசை இழுப்பறையில் வைத்திருப்பது போல, உமது பழைய தட்டையும் அதன் பிறகு பத்திரப்படுத்தி வைக்கலாம்.

இப்போதைக்கு ஒன்று மட்டும் செய்யும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருளைப் பென் டிரைவில் இறக்கி, அதிலிருந்தே திறந்து பாரும். மேலே நீல நிறத்தில் நலம் என்று காட்டுகிறதா, மஞ்சளில் எச்சரிக்கிறதா என்றும், பட்டியலில் மாற்றி ஒதுக்கப்பட்ட பிரிவுகள் (Reallocated Sectors Count), நிலுவையில் உள்ள பிரிவுகள் (Current Pending Sector Count) என்ற இரண்டு வரிகளுக்கும் நேரே 'Raw Values' என்ற நிரலில் சுழி அல்லாத எண் ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்து, அந்த எண்களைக் குறித்துக்கொள்ளும். பார்த்த கையோடு கணினியை அணைத்து, மின்செருகியையும் கழற்றிவிட்டு, எனக்குத் தொலைபேசியில் சொல்லும். நான் பதில் சொல்லும்வரை பேரப்பிள்ளைகள் எவரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும்.

என்றும் அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உமது நண்பன்.