பழைய இயந்திரத்தோடு அதன் பதிவேடும் கைமாற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயன்படுத்திய பொக்லைன், டோசர், ரோலர், கிரேன் ஆகியவற்றின் விற்பனையை நான் குறைகூற வரவில்லை. புதிய இயந்திரம் வாங்கும் அளவுக்கு முதல் இல்லாத சிறு ஒப்பந்ததாரர்கள் தொழிலில் காலூன்ற இந்தச் சந்தையே துணை. ஆனால், இயந்திரம் ஓடிய மணி நேரத்தைக் கணக்கிடும் ஹவர் மீட்டர் காட்டும் எண்ணையும் புதிதாக அடித்த பெயின்டையும் நம்பியே பல நேரங்களில் விலை பேசி முடிக்கப்படுவது மிகுந்த கவலையளிக்கிறது.

நாளுக்கு 8 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 250 நாள் உழைத்த இயந்திரம், 5 ஆண்டுகளில் 10,000 மணி நேரத்தை எட்டிவிடும். அதன் மீட்டர் 4,000 என்று காட்டினால், அது நெடுநாள் வேலையின்றி நின்றிருக்க வேண்டும். இல்லையேல் மீட்டர் மாற்றப்பட்டிருக்க வேண்டும். பழைய மாடல்களில் அப்படி மாற்றுவது கடினமும் அன்று. மண் அள்ளும் பக்கெட்டை இணைக்கும் பின் (pin), அதைச் சுற்றியுள்ள புஷ் ஆகியவற்றில் காணும் ஆட்டம், இயந்திரம் ஊர்ந்து செல்ல உதவும் டிராக் செயினின் தளர்வு, அந்தச் செயினைச் சுழற்றும் ஸ்ப்ராக்கெட்டின் கூராகத் தேய்ந்த பற்கள் ஆகியவற்றைப் பார்த்தால் அனுபவமுள்ள ஆபரேட்டர் உண்மையை ஊகித்துவிடுவார். எஞ்சின் ஆயிலை ஆய்வகத்தில் சோதித்தால், அதிலுள்ள இரும்பு, தாமிரத் துகள்களைக் கொண்டு உள்ளே எது தேய்கிறது என்பதையும் அறியலாம். வாங்குபவர் வருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது எவ்வளவு திணறிக் கிளம்புகிறது என்பது தெரியாமலே போய்விடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

இவற்றால் விளைவது பண நட்டம். கிரேனின் நீண்ட தூக்குக் கையான பூமில் (boom) விரிசல் கண்ட இடத்தை வெல்டிங் செய்து, தேய்த்துச் சமப்படுத்தி, பெயின்டால் மறைத்து விற்பதோ உயிரோடு விளையாடுவதாகும். அத்தகைய கிரேன் சுமை தூக்கும்போது அருகில் நிற்கும் தொழிலாளிக்கு அந்தப் பழுதைப் பற்றி எதுவும் தெரியாது.

எனவே, இயந்திரத்தின் அடையாள எண், சர்வீஸ் பதிவேடு, மாற்றிய பெரிய பாகங்கள், வெல்டிங் செய்த இடங்கள் ஆகியவற்றை எழுத்தில் தந்த பிறகே விற்பனை நிறைவேற வேண்டும். கிரேனுக்கு, விற்பவரோடு தொடர்பற்ற பரிசோதகர் அளித்த சுமைச் சோதனைச் சான்றும் கட்டாயமாக வேண்டும். செயற்கைக்கோள் வழியாக இயக்க விவரங்களை அனுப்பும் புதிய இயந்திரங்களில், ஓடிய நேரம் தனியே பதிவாகியிருக்கும் என்பதால் அந்த விவரத்தைப் பெற்றுத் தருவது விற்பவருக்குச் சுமையாகாது. கடன் வழங்கும் நிதி நிறுவனங்கள் இந்த ஆவணங்களைப் பார்த்த பிறகே பணம் தருவது என்று முடிவெடுத்தால், தயங்கும் விற்பனையாளர்களும் அவற்றைத் தர முன்வருவார்கள்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர் ஒருவர்