நகைப்பட்டறைக் கழிவுநீரில் கரைந்துபோகும் தங்கத்தைப் பாக்டீரியாப் படலத்தால் மீட்க, சோதனைத் தொட்டி கோரும் மனு

அனுப்புநர்:
நகைப்பட்டறைத் தொழிலாளர்கள்,
செல்வபுரம், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பட்டறையில் கைகழுவும் தண்ணீரைக்கூட நாங்கள் டிரம்மில் தேக்கி வைத்து, அடியில் படியும் மண்ணை விற்றுக் காசாக்குகிறோம். ஆனால் ராஜ திராவகம் என்னும் அமிலக் கலவையில் கரைந்த தங்கம் அப்படிப் படியாது. துணியில் வடிகட்டினாலும் தண்ணீரோடு போய்விடும். அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டுத் தங்கத்தை அடியில் படிய வைப்பது பழைய வழக்கம்தான். அலசி அலசி நீர்த்துப்போன தண்ணீரில் அதற்குப் பலன் குறைவு. கரைந்த தங்கம் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு என்பதால், சாக்கடையில் கலக்கும்போது இழப்பு எங்களோடு நிற்பதில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது: தொட்டியில் பாக்டீரியாவைப் படலமாக வளர்த்து, கழிவுநீரை அதன் மேல் விடுவது. 1976இல் பெல்ஜியத்தில் ஒரு துத்தநாக ஆலையின் கழிவுத் தொட்டியில் கண்டெடுத்த குப்ரியாவிடஸ் மெட்டாலிடியூரன்ஸ் என்ற பாக்டீரியா, கரைந்த தங்கத்தைத் தன் உடலுக்குள் திடத் துகளாக மாற்றி நஞ்சை முறிக்கிறது. அதற்கு மிக நெருங்கிய இனத்தை ஆஸ்திரேலிய மண்ணில் கிடைத்த தங்கத் துணுக்குகளின் மேல் பாசி போல ஒட்டியிருந்த படலத்தில் 2006இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். டெல்ஃப்டியா அசிடோவோரன்ஸ் என்ற இன்னொன்று டெல்ஃப்டிபாக்டின் என்னும் பொருளைச் சுரந்து, தங்கத்தைத் தன் உடலுக்கு வெளியிலேயே படிய வைப்பதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்டனர்.

தண்ணீரில் தங்கம் இருக்கிறதா என்று காட்டும் பாக்டீரியா உணரியும் உண்டு. சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவின் தங்கம் உணரும் மரபணுக்களை வேறு பாக்டீரியாவில் சேர்த்து அதைச் செய்கிறார்கள். மரபணு மாற்றிய உயிரி என்பதால் அதை லேபுக்குள், உரிய அனுமதியோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும். தொட்டியில் இயற்கை இனங்களே போதும்.

நம் ஊரிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதன் நுண்ணுயிரியல் துறையும் இருக்கின்றன. அவர்களையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் கூட்டி, எங்கள் பகுதியில் சோதனைத் தொட்டி ஒன்று அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம். அமிலத்தை முறித்து, சயனைடு என்னும் நஞ்சு கலந்திருந்தால் அதையும் நீக்கிய பிறகே தண்ணீரைப் படலத்துக்கு விட வேண்டும்; இல்லாவிட்டால் பாக்டீரியா பிழைக்காது. எங்கள் தண்ணீரில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால், இங்கே சோதித்துப் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்புறம், மீளும் தங்கத்துக்கு எழுத்துக் கணக்கு வைத்து, தண்ணீர் தந்த பட்டறைகளுக்கே பங்கிட உத்தரவிட வேண்டும். அது உறுதியானால் சிறு பட்டறைக்காரர்களும் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் கொண்டுவந்து தருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செல்வபுரம் நகைப்பட்டறைத் தொழிலாளர்கள்.